இரவில் டாக்டரை எழுப்பும்போது

அன்பு மகளுக்கு,

பேண்ட் 6 (பிரிட்டிஷ் அரசு ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ் நிலை) ஆனதும் நைட்டில் வார்டுப் பொறுப்பு உன் தலையில் என்று எழுதியிருந்தாய். ஊசி, டிரிப் விஷயத்தில் உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டருக்குப் போன் போடும்போதுதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். டாக்டரைக் கண்டால் எழுந்து நின்றே பழகிவிட்டோம் இல்லையா, "பேஷன்ட்டுக்குக் கொஞ்சம் சரியில்லை டாக்டர்" என்று இழுத்துவிட்டு, அவராகப் புரிந்துகொண்டு வருவார் என்று காத்திருப்போம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அதில் என்ன விளங்கும்?

எஸ்பார் (SBAR) முறை உனக்குத் தெரிந்ததுதான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பேச்சு முறை: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும். முதல் இரண்டையும் எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், டயக்னோசிஸ் சொல்ல நாம் யார் என்று. "செப்சிஸோ என்று சந்தேகப்படுகிறேன்" (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்து நிலை) என்றால் போதும். "என்னவென்று பிடிபடவில்லை, ஆனால் மோசமாகிக்கொண்டே போகிறார்" என்பதும் கணிப்புதான். நான்காவதில் நேரத்தைச் சேர்: "15 நிமிடத்தில் வந்து பாருங்கள். அதற்குள் பிளட் கல்ச்சர், லாக்டேட் ரத்தப் பரிசோதனைகளுக்கு எடுத்து வைக்கட்டுமா?"

போன் எடுக்குமுன் நியூஸ் 2 (NEWS2) கூட்டிவிடு, மூச்சு, பல்ஸ் மாதிரி ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து விலக விலக ஏறும் மார்க் கணக்கு. குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் பேஷன்ட் என்று வை. மூச்சு 22, சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாமல் 95, மேல் பி.பி. 104, பல்ஸ் 112, காய்ச்சல் 38.3, நினைவு தெளிவு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. கூட்டினால் 2, 1, 1, 2, 1, மொத்தம் 7. ஐந்திலேயே அவசரமாகப் பார்க்க வேண்டும். ஏழு என்றால் எமர்ஜென்சி. இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். முழு நிமிடம் எண்ணாமல் முந்தைய ஷிப்ட்டின் 18-ஐயே பார்த்து எழுதினால் இரண்டு மார்க் காணாமல் போய் 5 ஆகிவிடும். மொத்த மார்க் குறைவாக இருந்தும் உன் மனசு ஒப்பவில்லையா, அப்போதும் கூப்பிடு.

"காலையில் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால் படிப்படியாக ஏறு. "எனக்குக் கவலையாக இருக்கிறது." பிறகு, "இப்படியே விட எனக்குச் சரியாகப் படவில்லை." பிறகு, "இது பேஷன்ட்டின் பாதுகாப்புப் பிரச்சினை." அதற்கும் அசையாவிட்டால் அவருக்கு மேலே உள்ள ரெஜிஸ்ட்ராருக்கும், மோசமாகும் பேஷன்ட்டை வார்டுக்கே வந்து பார்க்கும் அவுட்ரீச் டீமுக்கும் சொல்; அந்த டாக்டரிடம் அனுமதி கேட்க வேண்டாம். ஆள் சரிகிறார் என்றால் நேரே ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி எண் 2222. யாரை, எத்தனை மணிக்குக் கூப்பிட்டாய், என்ன பதில் வந்தது என்பதை அப்போதே எழுதிவிடு.

லேப்பிலிருந்து வரும் எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். "ஒன், ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்.

ஷிப்ட் மாறும்போது பேஷன்ட் விவரங்களை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரை மேஜையிலிருந்து கட்டிலருகே மாற்ற மேனேஜர் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார் என்றாயே, வார்டு முழுவதும் ஒரே நாளில் தொடங்காதே. வார்டின் ஒரு பகுதி (பே), ஆறு கட்டில், இரண்டு வாரம். அதிகம் முணுமுணுக்கும் சீனியரை முதலில் கேள். "டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போக நேரமாகும்" என்பது நியாயமான பயம், நேரத்தைக் குறித்துக் காட்டினால்தான் அடங்கும். எச்.ஐ.வி., குடும்பத் தகராறு மாதிரி விஷயங்களைக் கட்டிலருகே பேசாமல் டெஸ்க்கில் சொல்லிக்கொள்ள இடம் வை. நைட் ஸ்டாஃபை மீட்டிங்குக்குக் கூப்பிடாமல் விடுவதால் கெட்டுப்போகும் மாற்றங்கள்தான் அதிகம். உருக்கு, மாற்று, மறுபடி உறையவை என்று உளவியல் அறிஞர் குர்ட் லெவின் 1947-இல் எழுதியதில் மூன்றாவதை யாரும் செய்வதில்லை. பழைய ஹேண்ட் ஓவர் தாளை எடுத்துவிடு. அது மேஜையில் கிடந்தால் மூன்றாம் வாரம் எல்லோரும் மறுபடி மேஜைக்கே வந்துவிடுவார்கள்.

நைட் முடிந்தால் முதலில் தூங்கு, போன் பிறகு பேசலாம்.

அம்மா