உதவித்தொகை எப்போது வரும்?

ஆசிரியருக்கு,

என் மகள் கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள்; இது நான்காம் ஆண்டு. 2023 ஜனவரி முதல் மூத்த ஆய்வாளர்களுக்கான (எஸ்ஆர்எஃப்) மாத உதவித்தொகை ரூ.35,000-லிருந்து ரூ.42,000 ஆனது. சந்தோஷம்தான். ஆனால் நாலு மாதமாக அவள் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. கேட்டால், 'ஃபைல் மேலே போயிருக்கிறது' என்கிறார்கள். இதற்கிடையே ஆய்வுக்காக ஜிபியூவை (பெரிய கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் சிப்) இணையம் வழியே மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்க வேண்டும். என் கிரெடிட் கார்டு எண் அவளுக்கு மனப்பாடம். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, வேலை முடிந்ததும் அந்த ஜிபியூவை அணைக்கிறாள். மீட்டர் ஓடுமே! அப்புறம், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. மகளின் துறையிலோ இன்னும் இரண்டு கட்டுரை கேட்கிறார்கள். சரி, எழுதிவிடுவாள். உதவித்தொகையை மட்டும் மாதா மாதம் போட்டுவிடுங்கள்.

– ஒரு தந்தை, திருநெல்வேலி