குடலிலிருந்து கல்லீரல் வரை

திருவையாறு

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் வந்த வாரம் முழுவதும் என் மூன்று வயதுப் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. அதனால்தான் பதில் எழுத இத்தனை நாளாயிற்று. மதுவைத் தொட்டதே இல்லாத தங்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்தது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பேரனைப் படுத்திய நோயும் தங்கள் கேள்வியும் ஒரே வழியில் வந்து சேர்வதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சம்பா நடவு நேரமாதலால் மற்றவர்கள் வயலுக்குப் போயிருந்தார்கள். காய்ச்சி ஆறிய வெறும் தண்ணீரையே நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுத்ததெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. மாலையில் வந்த கிராம சுகாதார செவிலியர் குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே மறையாமல் சற்று நின்றது; உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. அவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகப் புகட்டச் சொன்னார். இரவு அவன் சிறுநீர் கழித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்ததை வேண்டிய வேளையில் மறந்துவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

நாம் குடிப்பது நாளுக்கு இரண்டு லிட்டர்தான்; ஆனால் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது லிட்டர் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும், எஞ்சியதைப் பெருங்குடலும் உறிஞ்சிக்கொள்ள, வெளியேறுவது 100 அல்லது 200 மில்லிலிட்டரே. தண்ணீர் தானாக உள்ளே போவதில்லை, உப்பின் பின்னால்தான் போகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேலுள்ள ஒரு புரதம், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுடன் இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. தண்ணீர் அவற்றைத் தொடர்கிறது. காலரா குடலை எவ்வளவு பாடுபடுத்தினாலும் இந்த ஒரு வாயில் மட்டும் அடைபடுவதில்லை. 1971-இல் வங்காள எல்லையின் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் காலரா நோயாளிகள் ஏராளமானோரின் உயிரைக் காத்தது இதை நம்பித்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் உப்புப் போட்டுக் கொடுத்த வடிகஞ்சியிலும் இதே பொருத்தம் இருக்கிறது. சோற்றின் மாச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தானே உடைகிறது.

இப்படி உறிஞ்சப்பட்ட சர்க்கரை நேரே உடலெங்கும் பரவிவிடுவதில்லை. குடலின் இரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்கே போகிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு இதுதான். கல்லணையில் வந்த நீரைப் பார்த்து எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துவிடுவதைப் போல, கல்லீரல் குளுக்கோஸில் ஒரு பங்கைக் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்தாக வைத்துக்கொள்கிறது, ஒரு பங்கை இரத்தத்தில் விடுகிறது. அந்தச் சேமிப்பு 100 கிராம் அளவில் நிரம்பிவிடும். அதற்கு மேலும் நாள்தோறும் மிஞ்சி வந்தால், கல்லீரல் அதைக் கொழுப்பாக்கி வைக்கத் தொடங்குகிறது. மதுவே இல்லாமல் கொழுப்பு படிவது இப்படித்தான். மூன்று வேளைச் சோறும், நாளுக்கு நான்கு முறை சர்க்கரை போட்ட காபியும், நடை குறைந்த ஓய்வுக்காலமும் தங்களிடம் சேர்ந்திருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அக்கறையினால் சொல்கிறேன்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இந்தக் கொழுப்பு பெருமளவு கரையும். தயவுசெய்து முதலில் காபியில் சர்க்கரையை விடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சூரணமும் வேண்டாம். அடுத்த ஸ்கேன் எடுத்ததும் முடிவை மறக்காமல் எழுதுங்கள். பேரன் இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டான்.

தங்கள் அன்பு நண்பன்