அஷ்டமியில் முகாம் வையுங்கள்

கடலோர ஊர்களில் நலத்திட்ட முகாமுக்கு நாள் குறிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கு மனு எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது, பிளஸ் டூ படித்த பாவத்துக்கு வந்து சேர்ந்தது. என் அம்மா நாற்பது வருசமாகக் கடற்பாசி எடுக்கிறார்.

போன முறை எங்கள் ஊரில் முகாம் போட்டீர்கள். பந்தல், துறைக்கு ஒரு மேசை, தண்ணீர் கேன் எல்லாம் சரியாக இருந்தது. ஆள்தான் இல்லை. அன்றைக்கு அமாவாசைக்கு மறுநாள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஆறாறு நாள்தான் கடல் நன்றாக வற்றும். மாதத்தில் அந்தப் பன்னிரண்டு நாள்தான் எங்கள் பெண்களுக்குச் சம்பாத்தியம். விடியுமுன் போட்டில் ஏறினவர்கள் பாசியை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, நைட்டிக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டை காயாமல் பந்தலுக்கு ஓடி வந்தபோது மணி நாலு. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். "இந்த ஊர்ல ஆர்வம் கம்மி சார்" என்று யாரோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

அதற்கு முந்தைய முகாமில் அம்மா உள்ளே போய்விட்டார். அங்கே கைரேகை மெஷின் காலை வாரியது. மரிக்கொழுந்துப் பாசி பாரில், அதாவது கடலடிப் பாறையில், ஒட்டி வளர்வது. விரலில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பிடுங்க வேண்டும். துணி எவ்வளவு சுற்றினாலும் பார் கிழிக்கும். அந்தக் கட்டைவிரலை வைத்தால் மெஷின் என்ன படிக்கும்? சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார்கள். எண்ணெய் தடவச் சொன்னார்கள். ஏழு தடவை வைத்தும் சிவப்பு விளக்குதான். "ரேகை தேஞ்சு போச்சும்மா" என்றார் அந்தத் தம்பி, பாவம், அவரும் என்ன செய்வார். "நாப்பது வருசம் பாறையில தேச்சா தேயாதா தம்பி?" என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்து வந்தார். ஊரெல்லாம் அகர் என்ற ஜெல்லி ஆக்கித் தின்கிற பாசி இந்த விரல் பிடுங்கினதுதான். கருவிழி பார்க்கும் கருவி ரேஷன் கடைகளில் வந்துவிட்டது. முகாமுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

இதெல்லாம்கூட நாள், கருவி விஷயம். சரி செய்துவிடலாம். இன்னொன்று இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண், பெயர் வேண்டாம், வயது 27. கட்டினவன் மூன்று வருசத்துக்கு முன் போனவன், வேறு ஊரில் வேறு குடும்பமாக இருக்கிறான். இவள் இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டில். ஆனால் ரேஷன் கார்டில் இன்றும் மாமியார் வீட்டு ஆள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, கார்டுக்கு ஒருவர் என்ற கணக்கில். அந்தக் கார்டுக்கு வருவது மாமியாருக்கு. தாய் வீட்டுக் கார்டுக்கு வருவது அம்மாவுக்கு. இவளுக்குத் தனிக் கார்டு வேண்டுமென்றால் முதலில் பழைய கார்டிலிருந்து பெயர் நீங்க வேண்டும். அந்தக் கார்டோடு சேர்ந்த போன் நம்பர் அவனுடையது. ஓடிபி அவனுக்குத்தான் போகும். விட்டுப் போனவனுக்கே போன் போட்டு, "நம்பர் வந்துச்சா, சொல்லுங்க" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அவன் சிரித்தது எனக்கும் கேட்டது.

கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு எழுதலாம் என்று பார்த்தேன். 30 வயது ஆகியிருக்க வேண்டுமாம். சட்டப்படி பிரிந்த தாள் இல்லையென்றால் ஐந்து வருசமாவது கைவிடப்பட்டிருக்க வேண்டுமாம். ஆக, அரசாங்கக் கணக்கில் கைவிடப்பட்டவள் ஆவதற்கு அவளுக்கு இன்னும் மூன்று வயது பாக்கி. கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் மனைவிக்கு இதைவிட மோசம். உடல் கிடைக்காவிட்டால், இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருசம். 2017-இல் ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஏழு வருசம் வரை காத்திருக்க வைக்காமல் அரசு 20 லட்சம் கொடுத்தது. ஒரு ஆணை போதும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. புயலில்லாத நாளில் ஒற்றை வள்ளத்தோடு போனவனின் பெண்டாட்டிக்குத்தான் அந்த ஆணை வரவில்லை.

'ராம்நாடு (ராமநாதபுரம்) போய்ப் பாருங்கள்' என்கிறீர்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளும் அங்கே, அடிபட்டு வருகிற பெண்ணுக்கான ஒருங்கிணைந்த சேவை மையமும் அங்கே. எங்களுக்கு அது 40 கிலோமீட்டருக்கு மேல். கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான். பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடலாம், உண்மைதான். புருசன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒற்றை அறை வீட்டில் எங்கே நின்று கூப்பிடுவது?

எங்கள் மாவட்டத்து வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். வரட்டும், சந்தோஷம். அதில் வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கார்டு இருக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. கணவன் விட்டுப்போன பெண்ணின் பெயரை அவனைக் கேட்காமல் நீக்க, விஏஓ நேரில் விசாரித்து எழுதும் ஒரு தாள் போதும் என்று ஆக்குங்கள். தெருவே சாட்சி சொல்லும். அந்த ஐந்து வருசத்தையும் 30 வயதையும் மேலே எழுதிக் குறைக்கச் சொல்லுங்கள். சேவை மையத்து ஆள் மாதம் ஒரு நாளாவது பாம்பனில் வந்து உட்காரட்டும்.

அந்த நாளை மட்டும் எங்களைக் கேட்டு வையுங்கள். அஷ்டமி, நவமியில் தண்ணீர் வற்றாது, எங்கள் பெண்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் என்று உங்கள் ஆபீசில் யாராவது சொன்னால், எங்களுக்குப் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். வரும்போது கருவிழி மெஷினையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
பாசிக்காரி மகள் ஒருத்தி