எடுத்து வைக்கவில்லை

கடலூர்,
22 ஜூன் 2025

அன்புள்ள பாப்பா,

புதன்கிழமை போனில் பலாப்பழம் வந்த சேதியைச் சொன்னதும், "எனக்குக் கொஞ்சம் ஃப்ரீசரில் எடுத்து வைத்திருக்கிறாய் இல்லையாம்மா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். உன் பக்கம் சத்தமே இல்லை. பிறகு டிராம் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் ஆரம்பித்தால் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து விஷயம் எங்கேயோ போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் பழத்தின் கதை. செவ்வாய்க்கிழமை காலை அப்பா பண்ருட்டி பஸ் ஏறிப் போனார். அந்தச் சாலையோரம் இப்போது பழம் குவிந்து கிடக்கிறது. ஆனாலும் அவர் வழியில் எதையும் வாங்காமல் தனக்குத் தெரிந்த தோப்புக்காரரிடமே போனார். உனக்கு நினைவிருக்கும், 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது நீ பிளஸ் டூ. மெழுகுவத்தி வைத்துக்கொண்டு படித்தாய். அந்தப் புயலில் அவருடைய பலாவும் முந்திரியும் மொத்தமாகச் சாய்ந்துவிட்டன. அடுத்த வருஷம் அவர் நட்ட கன்றுகள்தான் இப்போது அடிமரத்திலேயே காய்த்துத் தொங்குகின்றன. அந்த மரத்துப் பழம் ஒன்றை, பன்னிரண்டு கிலோ இருக்கும், கோணிப்பையில் போட்டு அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் எல்லோரும் எந்த ஊர்ப் பழம் என்று விசாரித்தார்களாம்.

மறுநாள் மதியம் வரைக்கும் பொறுத்தோம். முள் அகன்று மழுங்கியிருந்தது. தட்டினால் 'தொப்' என்று கேட்டது. வாசனை திண்ணையைத் தாண்டி எதிர்வீடு வரைக்கும் போய்விட்டது. கூடத்தில் நாளிதழை விரித்து, அப்பா முக்காலியில் உட்கார்ந்து, கத்திக்கும் இரண்டு கைக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டார். கத்தி இறங்கியதும் வெள்ளையாகப் பால் கசியும், அதை ஒரு காகிதத்தால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். நடுத்தண்டை அரிந்து எடுத்துவிட்டால் அப்புறம் வேலை சுலபம். நாரை ஒதுக்கிக் கட்டைவிரலை உள்ளே கொடுத்து ஒரு வளை வளைத்தால் சுளை தானாகக் கையோடு வந்துவிடும். மஞ்சள் என்றால் சாமந்திப்பூ மஞ்சள். முதல் சுளையை அப்பா என் வாயில் வைத்தார். என் கையெல்லாம் எண்ணெயாக இருந்தது என்பதற்காகத்தான், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே. கடித்தால் 'கறுக்' என்றது. தேனே வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பன்னிரண்டு கிலோ பழத்தை என்ன செய்வது? எதிர்வீட்டுக்கு ஒரு தட்டு, மாடி வீட்டுக்கு ஒரு தட்டு, பூக்கார அக்காவுக்கு, இஸ்திரிக்காரருக்கு, தண்ணீர் கேன் போடுகிற பையனுக்கு என்று ராத்திரிக்குள் எல்லாம் போய்விட்டது. மீதி இருப்பது கொட்டைகள் மட்டும்.

இப்போது, ஏன் எடுத்து வைக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

நீ மெல்போர்ன் போனதிலிருந்து நம் வீட்டு ஃப்ரீசர் உன்னுடையதாகத்தான் இருந்தது. சித்திரையில் கிடைக்கும் பச்சை முந்திரியைப் பாக்கெட் போட்டு வைப்பேன். ஆனியில் பலாச்சுளை. நல்ல வஞ்சிரம் கண்ணில் பட்டால் துண்டு போட்டு, மஞ்சள் தடவி, தேதி எழுதி வைப்பேன். பார்சல் அனுப்பினால் அங்கே கஸ்டம்ஸில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். எல்லாமே நீ டிசம்பரில் வரும்போது சமைப்பதற்கென்று உள்ளே காத்துக்கிடக்கும். நீ வருவாய். வந்த முதல் நான்கு நாள் வயிறு சரியில்லை, தயிர்சாதம் போதும் என்பாய். அப்புறம் சிநேகிதிகள், கல்யாணம், பாண்டி. கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சமைத்து வைப்பேன், நீ இரண்டு வாய் சாப்பிடுவாய். உன்மேல் குறை இல்லை. நான் செய்து வந்தது இதுதான் என்று சொல்கிறேன்.

போன வருஷம் அக்டோபரில் ஒருநாள் அப்பா, "அந்த வஞ்சிரத்தில் ஒரு துண்டு பொரித்துக் கொடேன்" என்று கேட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. ரசம்தான் வைத்திருந்தேன். அவர் அப்படி எதையும் கேட்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும். நான் கொடுக்கவில்லை. "பாப்பாவுக்கு வைத்திருக்கிறேன்" என்றேன். சரி என்று அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையைக் கடந்தது. பாண்டியில் மட்டும் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அதோடு விடவில்லை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணை கரைபுரண்டு வந்தது. நம் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. உனக்கு அப்போது, வீடு நன்றாக இருக்கிறது, தண்ணீர் உள்ளே வரவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அது நிஜம்தான். ஆற்றோரத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, பாய் தலையணைகூட மிஞ்சாமல் எத்தனையோ பேர் நின்றபோது, ஃப்ரிட்ஜில் மீன் கெட்டுப்போச்சு என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆனால் கெட்டுத்தான் போயிருந்தது. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது எல்லாம் உருகி, ஒன்றோடொன்று கலந்து, பலாச்சுளையிலும் மீன் வாடை. அப்பா தென்னைமரத்தடியில் குழி வெட்டினார். நான் பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டினேன். வஞ்சிரம் பாக்கெட்டில் என் கையெழுத்தில் தேதி அப்படியே இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்ணைத் தள்ளி, மம்மட்டியைக் கழுவி, குளிக்கப் போய்விட்டார். கேட்ட அன்றைக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது, பாப்பா.

அதிலிருந்து எதையும் எடுத்து வைப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். வந்த அன்றைக்குச் சமைத்து, வந்த அன்றைக்குச் சாப்பிடுகிறோம். இந்த ஆறு மாதத்தில் நம் ஊரை நான் புதிதாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் ஆரம்பித்தால் 61 நாள். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பியதும், விடிகாலையில் ஆட்டோ பிடித்து முதுநகர்த் துறைமுகத்துக்குப் போனோம். முப்பத்தைந்து வருஷமாக இந்த ஊரில் குடித்தனம் பண்ணுகிறேன், ஏலம் விடுவதை நேரில் பார்த்ததே இல்லை. வாசலுக்கு வருகிற கூடைக்கார ஆயாவிடம் வாங்கியே பழகிவிட்டேன். அங்கே தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், கூடை கூடையாக நெத்திலி வெள்ளிக்காசு மாதிரி, சங்கரா சிவக்கச் சிவக்க. ஒரு அம்மா செவுளைத் தூக்கிக் காட்டி, "ரத்தம் பாரு, கண்ணு பாரு, வேற என்ன பாக்கணும்?" என்றார். ஒரு கிலோ சங்கரா வாங்கி, அங்கேயே அரிவாள்மனையில் ஆய்ந்து வாங்கிக்கொண்டோம். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். மாங்காய் இருக்கும்போது புளியைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும், நீ எப்போதும் அதில்தான் தவறுகிறாய். மறுநாள் காலை மிச்சக் குழம்பை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்டோம். எடுத்து வைத்துச் சாப்பிடுவது என்றால் இந்த ஒன்றுதான், அதுவும் ஒரு ராத்திரிக்கு மட்டும்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு இப்போது வாரம் இரண்டு நாள் போகிறோம். 2004-இல் சுனாமி வந்தபோது உனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் நான் சில்வர் பீச் பக்கமே திரும்பவில்லை. விருந்தாளிகள் வந்தால் அப்பாதான் கூட்டிக்கொண்டு போவார். இந்த மாதம் 11-ஆம் தேதி பௌர்ணமி. சாயங்காலமே போய் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டோம். சுண்டல் விற்கிற பையன் தேங்காயும் மாங்காயும் தாராளமாகத் தூவிக் கொடுத்தான். ஏழு மணி வாக்கில், கடலும் வானமும் எது எதுவென்று தெரியாத இருட்டில், ஒரு கீற்று மட்டும் செம்பு நிறத்தில் தெரிந்தது. படகு விளக்கு என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வளைந்து, அகன்று, முழுதாகக் கடலிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. தண்ணீரில் ஒரு பாதை நேராக எங்கள் காலடிக்கு வந்தது. அப்பா கையில் சுண்டல் பொட்டலம் அப்படியே இருந்தது, இரண்டு பேரும் சாப்பிட மறந்துவிட்டோம். கிழக்குக் கரையில் பிறந்துவிட்டு இதைப் பார்க்காமல் இத்தனை பௌர்ணமிகளை விட்டிருக்கிறேன்.

இன்னும் என்னென்னவோ. பாரதி சாலையில் நுங்கு வண்டி நிற்கிறது. வீட்டுக்கு வாங்கிவந்து தோலை உரித்து, கிண்ணத்தில் போட்டு, சர்க்கரை சேர்த்து, அதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அங்கேயே நின்று, சீவிய காயை வாங்கி, கட்டைவிரலால் கண்ணைக் குத்தி உறிஞ்சினேன். நீர் முழங்கை வரை வழிந்தது. சித்திரையில் மல்லாட்டை வந்தது. மல்லாட்டை என்று சொன்னால் உன் ஆபீஸ் மதுரைப் பெண் சிரிக்கிறாள் என்றாயே, வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்றும் பெயர், அதுதான் நம் வாயில் அப்படி ஆனது என்று அவளிடம் சொல். மண்ணோடு வந்ததைக் கழுவி, உப்புப் போட்டு அவித்து, சூடாக உடைத்தால் உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீர் முதலில் நாக்கில் படும். பருப்பைவிட எனக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும்.

வைகாசிப் பூசத்துக்கு வடலூர் போனோம். தருமசாலையில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு அது, இன்னும் அணையவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சோறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு அதைப் பார்த்தே வயிறு நிறைந்தது.

பாண்டிக்கும் மாதம் ஒருமுறை போய்வருகிறோம். முதல் பஸ் பிடித்தால் ஆறரைக்குள் பீச் ரோட்டில் இருக்கலாம். ஏழரை வரைக்கும் அங்கே வண்டி விடமாட்டார்கள், டூப்ளெக்ஸ் சிலையிலிருந்து பழைய சாராய ஆலை வரைக்கும் நடுரோட்டிலேயே நடக்கலாம். திரும்பும்போது அந்த நீள ரொட்டி இரண்டு வாங்கிவருவார் அப்பா. அதை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் அவருக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை.

உன்னை மறந்துவிட்டு நாங்கள் சாப்பிடுகிறோம் என்று நினைக்காதே. எதைச் சாப்பிட்டாலும் உன் பேச்சு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் டப்பாவை மூடிக்கொண்டே உன்னை நினைப்பேன், இப்போது வாயில் போட்டுக்கொண்டே நினைக்கிறேன். உன் அப்பாவுக்கு அறுபத்தாறு ஆகிறது. அவர் கேட்கும் ஒரு துண்டு மீனை இனி நான் டிசம்பருக்கென்று தள்ளிவைக்கமாட்டேன்.

டிசம்பரில் நீ வந்தால் பலா இருக்காது, நுங்கு இருக்காது. பனங்கிழங்கு வர ஆரம்பித்திருக்கும். துறைமுகத்தில் அன்றைக்கு என்ன இறங்குகிறதோ அதை வாங்குவோம், நீயே வந்து செவுளைத் தூக்கிப் பார்த்து எடு. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வருஷமும் டிசம்பரிலேதான் லீவு எடுக்க வேண்டுமா? அடுத்த வருஷம் ஜூனில் கிடைக்குமா என்று ஆபீஸில் கேட்டுப் பார். உங்களுக்கு அங்கே குளிர்காலம், இங்கே வெயிலுக்கு வருவது உனக்கும் நல்லதுதான். தேதி சொன்னால் அப்பா தோப்புக்காரரிடம் சொல்லிவைப்பார். அவர் எந்த மரம் என்பதைக்கூட முடிவு பண்ணிவிட்டார், வேலியோரத்தில் இரண்டாவது.

கொட்டையெல்லாம் காய்ந்துவிட்டது, மேல்தோலை உரிக்க வா என்று கூப்பிடுகிறார். இன்றைக்கு நெத்திலிக் கருவாடும் பலாக்கொட்டையும் போட்டுக் குழம்பு. போகிறேன்.

அன்புடன்,
அம்மா