போர்டுல அவன் பேர போட்டா புள்ள பேரும் வெளிய வந்துடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைங்க மேல நடக்குற பாலியல் குத்தத்துக்கான போக்சோ சட்டத்துல தண்டனை ஆனவன் போட்டோவ தெருமுனையில ஒட்டணும், வீட்டு வாசல்ல போர்டு மாட்டணும்னு ஒரு பக்கம் கேக்குறாங்க, இன்னொரு பக்கம் பெத்தவங்க ஒழுங்கா பாத்துக்கிட்டா இதெல்லாம் ஏன் நடக்குதுங்கறாங்க. எனக்கு ரெண்டுமே அரைகுறையாத்தான் படுது.

போர்டு கேக்குறவங்க அமெரிக்காவ காட்டுவாங்க. 1994ல நியூஜெர்சியில மேகன்ங்கற ஏழு வயசு பொண்ண எதிர்வீட்டுக்காரன் கொன்னான், அவன் முன்னாடியே குழந்தைங்க விஷயத்துல தண்டனை வாங்கினவன்னு பெத்தவங்களுக்கு தெரியாது, அதுக்கப்புறம்தான் ஊருக்கு சொல்ற சட்டம் வந்துச்சு. அவங்க கோவம் நியாயம்தான். ஆனா இங்க என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவண காப்பகம்) கணக்க எடுத்து பாருங்க, போக்சோ பலாத்கார கேஸ்ல 100க்கு 90க்கு மேல தெரிஞ்ச ஆளுதான், சொந்தக்காரன், பக்கத்து வீடு, இப்படி. சித்தப்பன் பேர போர்டுல போட்டா எந்த புள்ளன்னு தெருவுக்கே தெரிஞ்சு போகும். குழந்தையோட பேரு, வீடு, ஸ்கூலு எதையும் மீடியாவுல போடக்கூடாதுன்னு அதே சட்டத்துல 23வது பிரிவு இருக்கு, போர்டு அத பின்வாசல் வழியா உடைச்சிடும். அப்புறம் எந்த அம்மா ஸ்டேஷன் படி ஏறுவா? இப்பவே "மானம் போயிடும்"னு அமுக்குற வீடுங்கதான் அதிகம்.

சரி, பெத்தவங்க. அயனாவரத்துல 2018ல வெளிய வந்த கேஸ்ல, காது கேக்காத 11 வயசு பொண்ணு விஷயத்துல மாட்டினவங்க அந்த அப்பார்ட்மென்ட்டு லிஃப்ட் ஆப்பரேட்டர், பிளம்பர், செக்யூரிட்டி, 2020ல 15 பேருக்கு தண்டனை ஆச்சு. காவலுக்கு வெச்ச ஆளே அப்படின்னா அந்த அம்மா அப்பா இன்னும் யார காவல் வெக்கிறது? ஆனா நம்ம பக்கமும் தப்பில்லாம இல்ல, வேணாம்னு நெளியற புள்ளைய "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு"ன்னு தள்ளி விடுறது யாரு, நாமதானே.

நான் கேக்குறது வேற. 2018 செப்டம்பர்ல மத்திய அரசு பாலியல் குத்தவாளிங்க லிஸ்ட் ஒண்ணு தொறந்துச்சு, அப்பவே நாலு லட்சத்துக்கு மேல என்ட்ரி, போலீஸ் மட்டும்தான் பாக்க முடியும். அது அப்படியே இருக்கட்டும், பப்ளிக்குக்கு வேணாம். ஆனா குழந்தைங்க கூட வேலை செய்யுற ஆள எடுக்குறப்போ, ஸ்கூல் வேனோ டியூஷனோ ஃப்ளாட்டு வாட்ச்மேனோ, ஸ்டேஷன்ல அந்த லிஸ்ட்ட தட்டி பாத்து எடுக்கலாமா வேணாமான்னு மட்டும் சொல்றத கட்டாயமாக்கணும். எங்க தெருவுல காலையில ஏழரைக்கு ஆட்டோ வரும், பின்னாடி இடம் இல்லாம எல்கேஜி புள்ளைய டிரைவர் தன் சீட்டுலயே இடுக்கிக்கிட்டு போவாரு, நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு, ஆனா அவரு முழுப்பேரு என்னன்னு ஏத்தி விடுற எங்கள்ல யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை