கரைக்குத் தூக்கினால் கப்பல் பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்கப் பேரேரிகளில் மூழ்கிய மரக்கப்பல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், “நன்னீரில் மரம் கெடுவதில்லை, அக்கறையுள்ளவர்கள் முயன்றால் எல்லாவற்றையும் கரையேற்றிவிடலாம்” என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஆல்வின் கிளார்க் கப்பலின் கதி கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். தங்களுக்குமா தெரியாது?

இரண்டு பாய்மரங்கள் கொண்ட அந்தச் சரக்குக் கப்பல், மரம் ஏற்றுவதற்காகச் சரக்கறை மூடிகளைத் திறந்துவைத்தபடி வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தது. 1864 ஜூன் 29 அன்று மிஷிகன் ஏரியின் கிரீன் பே பகுதியில் திடீர்க் காற்றில் கவிழ்ந்தது. 1967இல் அதைக் கண்டறிந்த முக்குளிப்பாளர் ஃபிராங்க் ஹாஃப்மன், 1969இல் தம் குழுவோடு மேலே தூக்கினார். உள்ளிருந்த நீரை இறைத்ததும் கப்பல் தானாகவே மிதந்தது. அக்கறைக்கு அங்கே என்ன குறை இருந்தது? மிஷிகன் மாநிலத்தின் மெனாமினி ஊரில் காட்சிக்கு வைத்தார்கள். காற்றுபட்ட மரம் வெடித்தது, உளுத்தது. அரசும் அருங்காட்சியகங்களும் பராமரிப்புச் செலவை ஏற்கவில்லை. ஹாஃப்மன் கடனாளியானதுதான் மிச்சம். 1994இல் கப்பலை இடித்து அள்ளிப்போட்டார்கள். ஏரியடியில் நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது, கரையில் கால் நூற்றாண்டுதான் நின்றது.

நன்னீரில் மரம் கெடுவதில்லை என்பதே அரைகுறைப் பேச்சு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுவுக்கு உப்பு நீர் வேண்டும், ஆகவே ஏரியில் அது இல்லை. தூத்துக்குடித் தோணிக்காரர்களைக் கேட்டால் அந்தப் புழு செய்யும் நாசத்தைச் சொல்வார்கள். ஆழத்தில் நீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குளிர்ந்திருப்பதால் அழுகலும் மந்தம். ஆனாலும் பாக்டீரியா மரத்தின் செல் சுவர்களை மெல்ல அரித்துக்கொண்டேதான் இருக்கிறது. அரித்த இடத்தை நீர் நிரப்பி, பலகையின் உருவத்தைத் தாங்கி நிற்கிறது. வெளியே எடுத்து உலரவிட்டால், ஆவியாகும் நீரின் இழுவிசையில் செல்கள் நசுங்கும். பலகை சுருங்கி, முறுகி, குறுக்கே பிளக்கும். இரும்பு ஆணிகள் துருவேறிப் பருத்துத் தம்மைச் சுற்றிய மரத்தைப் பிளக்கும். இதைத் தடுக்க நீர் இருந்த இடத்தில் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற, நீரில் கரையும் மெழுகு போன்ற பொருளை ஏற்ற வேண்டும். மூழ்கிக் கிடந்த ஸ்வீடனின் பழைய போர்க்கப்பல் வாசாவை 1961இல் தூக்கினார்கள். அதன்மேல் அந்தக் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள், பிறகு மெதுவாக உலர்த்த 9 ஆண்டுகள். இன்றும் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய கூடத்தில்தான் அது நிற்கிறது. இவ்வளவையும் “அக்கறை” என்ற ஒரே சொல்லில் அடக்கினால், உழைத்தவர்களுக்கு என்ன மரியாதை?

இது முதல் தடவையும் அல்ல. முன்பு, கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றிச் சென்றதால் “கிறிஸ்துமஸ் மரக் கப்பல்” என்று பெயர் பெற்ற ரவுஸ் சிம்மன்ஸ் பற்றி எழுதியபோது, அதை நீராவிக் கப்பலாக்கி, சுப்பீரியர் ஏரியில் மூழ்கடித்தீர்கள். அது 1868இல் மில்வாக்கியில் கட்டிய மூன்று பாய்மரக் கப்பல். 1912 நவம்பரில் மூழ்கியது மிஷிகன் ஏரியில், விஸ்கான்சினின் டூ ரிவர்ஸ் ஊருக்கு அப்பால். அப்போதே எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. படத்துக்குத் தரும் இடத்தில் பாதியையாவது உண்மையைச் சரிபார்க்கத் தரக்கூடாதா என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

இன்றைய ஆபத்தையோ கட்டுரை தொடவேயில்லை. சரக்குக் கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் நிரப்பிக்கொள்ளும் நீரோடு கருங்கடல் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குவாகா சிப்பிகள் மிஷிகன் ஏரியில் மூழ்கிய கப்பல்களை அடுக்கடுக்காய் மூடிவருகின்றன. அவற்றின் பாரத்தில் நைந்த பாகங்கள் முறியும், இரும்பும் விரைவாக அரிக்கும். அதனால்தான் அங்குள்ளவர்கள் கப்பலைத் தூக்குவதை விட்டு, இருந்த இடத்திலேயே அளந்து, படமெடுத்து, முப்பரிமாண வரைபடம் தயாரிக்கிறார்கள். 2021இல் விஸ்கான்சின் கரையோரத்தில் இதற்கென்றே தேசியப் பாதுகாப்புப் பகுதி அமைந்தது.

நான் கேட்பது சிறிய திருத்தம்தான். அந்தக் கட்டுரையின் கடைசிப் பெட்டிச் செய்தி, ஆல்வின் கிளார்க்கை மெனாமினியில் “இன்றும் காணலாம்” என்கிறது. அந்த இரு சொற்களை நீக்கி, 1994இல் இடிக்கப்பட்டது என்று அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தூத்துக்குடி