காலணி கழுவிய அம்மாவுக்கு

மொரீசியசின் கோர் தெ கார்து மலையடிவார உறவுகளுக்கு வணக்கம்.

பெலால் புயலுக்குப் பிறகு எங்கள் சரிவு கிடந்த கோலத்தை நீங்களே பார்த்தீர்கள். மரம் சாய்ந்த இடங்களிலெல்லாம் களை முந்திக்கொள்வதற்குள் நாட்டு மரக் கன்றுகளை நட்டு, நேற்று மாலை வேலை முடிந்தது. இறங்கும் முன் சருகை மெல்ல விலக்கிப் பார்த்தேன். அடியில் ஈரம் காயவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு நாட்டு நத்தை ஒன்று கொம்பு நீட்டி நகர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தைப்பூச விரதத்தோடு மண்வெட்டி தூக்கிய கோயில் பிள்ளைகள், லாரி தந்தவர், கன்றுகளை வாடாமல் காத்தவர்கள், தினமும் சோறு கட்டிக் கொடுத்த வீடுகள் அனைவருக்கும் கைகூப்புகிறேன்.

கடைசி வீட்டு அம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் சேற்றுக் காலணிகளை அவர் திண்ணையில் விட்டுப் போனோம். "கீழே களையாய் மண்டிக் கிடக்கிற சீனக் கொய்யா விதையோ ஆப்பிரிக்க நத்தையின் முட்டையோ மண்ணோடு ஒட்டி மேலே காட்டுக்குப் போய்விடக் கூடாது அம்மா, நாளைக்கு வந்து கழுவுகிறோம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

விடியற்காலையில் போனால், அத்தனை காலணிகளும் கழுவிக் கவிழ்த்திருந்தன. துடைப்பத்தில் உருவிய ஈர்க்குச்சியால் அடிப்பள்ளம் ஒவ்வொன்றையும் நோண்டியிருக்கிறார். கன்றுப் பைகளையும் விடவில்லை. ஒன்றின் அடியில் கிடைத்ததைக் கொட்டாங்குச்சியில் எடுத்து வைத்திருந்தார்: வெளிர்மஞ்சளாக ஒரு கொத்து முட்டை. "இதுதானா மகளே?"

அதுவேதான். அந்த ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கத்தான், மற்ற நத்தைகளைத் தின்னும் வேட்டை நத்தையை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அது நம் நாட்டு நத்தைகளையும் தின்றது. மொரீசியசின் நாட்டு நில நத்தை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று இல்லை. மிஞ்சியவை கெடாத நாட்டுக் காட்டின் நிழலை நம்பி வாழ்கின்றன. அப்படிப்பட்ட காடோ தீவில் 2 சதவீதம்கூடத் தேறாது. அந்தப் பை மேலே போயிருந்தால், தூக்கிச் சென்றது என் கையாகவே இருந்திருக்கும். அதை நினைத்து இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

கப்பலேறி வந்த நம் முன்னோருக்கு இடம் கொடுத்த தீவு இது. அவர்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தச் சருகடியில் இந்த நாட்டு நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இனி நான் தொட்டுப் பார்க்காத பை ஒன்றுகூட மலையேறாது.

அம்மா, ஞாயிறு காலை வருகிறோம். ஈர்க்குச்சி எடுத்து வையுங்கள். இந்த முறை நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும், நாங்கள் கழுவுகிறோம்.